இரைப்பையில் உறங்கும் ஆற்றல்



அகத்திய முனிவர் வாதாபியை உண்டு செரித்த கதையை அறியாத தமிழர் இரார். ஆட்டின் வடிவெடுத்த வாதாபியை அவன் அண்ணன் இல்வலன் கறியாகச் சமைத்து விருந்தினருக்குப் படைப்பான். உண்டு முடிந்ததும், "வாதாபி, வா" என்று கூவுவான். தம்பி விருந்தினரின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவான். அகத்தியரிடம் அந்த வஞ்சகம் பலிக்கவில்லை. அவர் தம் வயிற்றைத் தடவி, வாதாபி செரித்துப்போகட்டும் என்றார். வாதாபி செரித்தே போனான். இன்றும் குழந்தைக்குப் பாலூட்டிய பின் அதன் வயிற்றைத் தடவி வாதாபியின் பெயரைச் சொல்லும் பாட்டிமார் நம்மிடையே உண்டு.

கதை கேட்கும் குழந்தைகள் வாதாபி என்ன ஆனான் என்று கேட்பார்கள். நாம் இன்று அகத்தியரின் இரைப்பை என்ன ஆயிற்று என்று கேட்போம். ஆட்டுக்கறி தசையால் ஆனது. அதை ஏற்றுக்கொண்ட இரைப்பையும் தசையால் ஆனதே. ஆட்டின் இரைப்பையையும் குடலையுமே சமைத்து உண்பவர்கள் இருக்கிறார்கள். அவையும் நன்றாகச் செரிக்கின்றன. அப்படியிருக்க, பிறிதோர் உயிரின் இரைப்பையைக் கரைத்துவிடும் நீர், தான் சுரக்கும் இரைப்பையை மட்டும் கரைக்காமல் விடுவது எப்படி? இங்கிலாந்தின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் 1772ஆம் ஆண்டில் இந்தப் பொருளைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். திடீரென்று மாண்டவர்களின் உடலை அறுத்துப் பார்க்கையில், சில சமயம் இரைப்பையின் சுவர் தன் நீராலேயே கரைந்திருந்ததை அவர் கண்டார். உயிர் உள்ளவரை காக்கப்படும் ஒன்று, உயிர் போன பின் காவல் இழக்கிறது என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. அந்தக் காவல் யாது என்பதே நமது இன்றைய பேச்சின் பொருள்.

நான் விஞ்ஞானம் பயின்றவன் அல்லன். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவன். ஒரு சொல்லுக்குச் சரியான தமிழைத் தேடும்போது அச்சொல் குறிக்கும் பொருளைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது; அவ்வாறு சென்று அறிந்தவற்றையே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இரைப்பை உணவை ஆட்டுக்கல் போல அரைக்கிறது என்பதே முற்காலத்தில் பலருடைய எண்ணமாக இருந்தது. பிரெஞ்சு நாட்டு அறிஞர் ரியோமூர் 1752இல் இதைச் சோதித்தார். அவரிடம் ஒரு பருந்து இருந்தது. விழுங்கியவற்றுள் செரிக்காத எலும்பையும் இறகையும் கக்கிவிடுவது பருந்தின் இயல்பு. ரியோமூர் சிறிய உலோகக் குழாய்க்குள் இறைச்சித் துண்டை வைத்து, இரு முனைகளையும் கம்பிவலையால் மூடிப் பருந்தை விழுங்கச் செய்தார். பருந்து குழாயைக் கக்கியது. குழாய் நசுங்கவில்லை, ஆயினும் உள்ளேயிருந்த இறைச்சி ஒரு பகுதி கரைந்து போயிருந்தது. அரைக்கும் வேலை எதுவும் நடவாமலே இறைச்சி கரைந்தது என்றால், கரைத்தது உள்ளே கசிந்த நீரே என்று அவர் முடிவு செய்தார். பின்னர் 1824இல் இங்கிலாந்தின் வில்லியம் பிரௌட் அந்த நீரிலுள்ள புளிப்பு ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று காட்டினார். அமிலம் மட்டும் இறைச்சியை இவ்வளவு விரைவில் கரைத்துவிடாது; அதனோடு வேறு ஒரு பொருளும் இருக்கிறது என்று 1836இல் ஜெர்மானிய அறிஞர் தியோடர் ஷ்வான் கண்டார். செரித்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெப்சின் என்று பெயரிட்டார். ஆங்கிலத்தில் என்சைம் என்றும் தமிழில் நொதி என்றும் வழங்கும் பொருள்களில், விலங்கின் உடலிலிருந்து முதன்முதலாக இனங்கண்டு பெயரிடப்பட்டவற்றுள் பெப்சின் ஒன்று.

பெப்சினின் தொழில் ஒன்றே. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் மணிகள் கோத்த நீண்ட மாலை. அம்மாலையை இடையிடையே அறுத்துச் சிறு துண்டுகளாக்குவது பெப்சின். ஆனால் அந்தப் பெப்சினும் ஒரு புரதமே. அதைத் தயாரிக்கும் இரைப்பைச் சுவரின் நுண்ணிய அணுக்களும் பெரும்பாலும் புரதத்தால் ஆனவையே. வாளை வடிக்கும் கொல்லனின் பட்டறை முழுவதும் வாளால் அறுபடக்கூடிய பொருளாலேயே கட்டப்பட்டிருந்தால் எப்படியிருக்கும்? அந்த நிலையில் இருக்கின்றன இவ்வணுக்கள்.

இதற்கு விடை 1880களில் கேம்பிரிட்ஜ் நகரில் கிடைத்தது. லாங்லி என்ற உடலியல் அறிஞர், எட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து 1886இல் ஓர் எளிய உண்மையை வெளியிட்டார். பெப்சின் உள்ள நீரில் சிறிது காரத்தைச் சேர்த்தால் பெப்சின் விரைவில் அழிந்து விடுகிறது. அதன்பின் எவ்வளவு அமிலம் சேர்த்தாலும் அது மீள்வதில்லை. ஆனால் இரைப்பைச் சுவரிலிருந்தே வடித்தெடுத்த சாற்றில் அதே அளவு காரத்தைச் சேர்த்தால், அதிலுள்ள பொருள் அழிவதில்லை. பின்னர் அமிலம் சேர்த்தவுடன் அது பெப்சினாக மாறி இறைச்சியைக் கரைக்கிறது. ஆகவே சுவருக்குள் இருப்பது பெப்சின் அன்று. பெப்சினாக மாறக் காத்திருக்கும் வேறொரு பொருள். அதற்குப் பெப்சினோஜன் என்று பெயர்.

அமெரிக்காவில் ஜான் நார்த்ரப் 1930இல் பன்றியின் பெப்சினைத் தூய படிகமாக்கி, அது புரதமே என்று நிறுவினார். 1946இல் வேதியியலுக்கான நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. ஹெரியட் என்பவர் 1938இல் பெப்சினோஜனையும் படிகமாக்கினார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வழி பிறந்தது. பன்றியின் பெப்சினோஜன் ஏறத்தாழ 370 மணிகள் கோத்த மாலை. அதன் முனையிலுள்ள 44 மணிகள் ஒரு நாடாப் போல மடிந்து, மற்றப் பகுதியின் வெட்டும் வாயை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. அந்த நாடா நேர்மின்னேற்றம் மிக்கது. மற்றப் பகுதி எதிர்மின்னேற்றம் மிக்கது. ஆதலால் இரண்டும் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கின்றன. அமிலம் மிகும்போது எதிர்மின்னேற்றம் குறைகிறது, பிடி தளர்கிறது, நாடா விலகுகிறது. வாய் திறந்த நொதி முதலில் அறுப்பது தன்னைப் பூட்டியிருந்த அந்த நாடாவையே. மீந்து நிற்பது பெப்சின். அமிலமே அதற்குத் திறவுகோல்.

இத்தகைய பொருளை ஆங்கிலத்தில் முன்னே வருவது என்று பொருள்படும் ஒரு சொல்லால் குறிக்கிறார்கள். முன்னோடி என்று தமிழ்ப்படுத்துவது எளிது. ஆனால் தேருக்கு முன்னே ஓடுபவன் வேறு, தேர் வேறு. இங்கோ பூட்டோடு இருப்பதும் பூட்டுக் கழன்றபின் வெட்டுவதும் ஒரே பொருள். கும்பகர்ணன் உறங்கும்போதும் கும்பகர்ணனே. ஆதலால் இதனை உறங்கும் நொதி என்று சொல்லவே எனக்கு விருப்பம்.

மனிதரின் இரைப்பையில் இந்த உறங்கும் நொதியைத் தயாரிக்கும் அணுக்கள் ஒரு வகை. அமிலத்தைச் சுரக்கும் அணுக்கள் வேறொரு வகை. இரண்டும் சுவரிலுள்ள நுண்ணிய குழிகளில் அடுத்தடுத்து அமைந்திருந்தாலும், நொதியும் அமிலமும் வெளியே வந்த பிறகே ஒன்றையொன்று சந்திக்கின்றன. விழித்த நொதி சுவரை அணுகாதபடி வழுவழுப்பான கோழைப் படலம் ஒன்று சுவரை மூடியிருக்கிறது. அப்படலத்துக்குள் காரத்தன்மை உள்ள உப்பு ஊறிக்கொண்டிருப்பதால், அதனுள் நுழையும் பெப்சின் தன் ஆற்றலை இழக்கிறது. அதையும் மீறிச் சேதம் ஏற்பட்டால், மேற்பரப்பின் அணுக்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியவை தோன்றுகின்றன. ஹன்டர் கண்ட உயிரின் காவல் இவை மூன்றும் சேர்ந்ததே.

இந்த ஏற்பாடு எல்லா உயிர்களிலும் ஒரே வகையாக இல்லை. ஒவ்வொன்றும் தன் வாழ்க்கைக்குத் தக்கவாறு இதை மாற்றியமைத்துக்கொண்டிருக்கிறது.

தவளையை எடுத்துக்கொள்வோம். அது பெப்சினோஜனைப் பெரும்பாலும் உணவுக்குழாயில் சுரக்கிறது. அமிலத்தை இரைப்பையில் சுரக்கிறது. நொதி ஓர் அறையில் பிறந்து, அடுத்த அறைக்குச் சென்று விழிக்கிறது. வாளையும் உறையையும் தனித்தனி வீட்டில் வைத்தது போன்ற முன்னெச்சரிக்கை இது.

மலைப்பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். வேலையில்லாத நாட்களில் அமிலத்தைச் சுரப்பது வீண் செலவு. ஆகவே பட்டினிக் காலத்தில் அதன் இரைப்பையில் புளிப்பே இருப்பதில்லை. புளிப்பை அளக்கும் பி.எச். அளவையில் அது நடுநிலையான 7ஐ ஒட்டியே நிற்கிறது. உறங்கும் நொதி மட்டும் அணுக்களுக்குள் சேர்ந்து காத்திருக்கிறது. பெரிய இரை ஒன்றை விழுங்கியவுடன் அமிலம் பெருகுகிறது. ஓரிரு நாட்களில் அந்த அளவு 2ஐ நெருங்குகிறது. அவ்வளவையில் ஓர் எண் குறைந்தால் புளிப்பு பத்து மடங்கு மிகும் என்பதை நினைவிற்கொண்டால், எலுமிச்சைச் சாற்றின் புளிப்புக்கு ஒப்பான இந்நிலையின் வேகம் விளங்கும். இரை முழுவதும் செரித்தவுடன் அமிலச் சுரப்பு நின்றுவிடுகிறது.

பாறு என்று தமிழ் கூறும் பிணந்தின்னிக் கழுகின் இரைப்பை அதனினும் கடியது. அங்கே பி.எச். அளவு 1ஐ ஒட்டியிருக்கும். அடைப்பான் நோயால் மாண்ட மாட்டைத் தின்றும் அது நலமாகப் பறந்து செல்லும். ஆனால் இந்தியாவில் 1990களில் பாறுகள் கூட்டங்கூட்டமாக மாண்டன. பம்பாயில் வாழும் நேயர்களுக்குப் பார்சி சமூகத்தாரின் அமைதிக் கோபுரங்கள் வெறிச்சோடிய செய்தி தெரிந்திருக்கும். காரணம் 2004இல் தெரியவந்தது. மாடுகளுக்கு வலி நீக்கக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற மருந்து அவற்றின் சடலத்தில் தங்கி, பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. எலும்பையும் கிருமியையும் வெல்லும் இரைப்பை இந்தச் சிறிய மருந்தை வெல்ல முடியாதது ஏன்? பெப்சின் அறுப்பது புரதத்தை. டைக்ளோஃபினாக் புரதம் அன்று. கால்நடைகளுக்கு அம்மருந்தைக் கொடுப்பதை இந்திய அரசு 2006இல் தடை செய்தது. நீலகிரிச் சாரலில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள பாறுகளின் எதிர்காலம் அத்தடை எவ்வளவு உறுதியாகக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

பசு, ஆடு முதலிய அசைபோடும் விலங்குகளுக்கு நான்கு அறைகள் கொண்ட இரைப்பை உண்டு. முதல் அறை புல்லை நொதிக்க வைக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களின் தொட்டி. அமிலமும் பெப்சினும் இருப்பது நான்காம் அறையில் மட்டுமே. முன்னறைகளில் பெருகிய நுண்ணுயிர்கள் நான்காம் அறைக்கு வந்து சேரும்போது, பசு அவற்றையே உணவாகச் செரித்துக்கொள்கிறது. இதற்கு உதவியாக லைசோசைம் என்ற மற்றொரு நொதி அங்கே சுரக்கிறது. நம் கண்ணீரிலும் முட்டையின் வெண்கருவிலும் உள்ள இந்நொதியை 1922இல் வெளியுலகுக்கு அறிவித்தவர் அலெக்சாந்தர் ஃபிளெமிங். அது பாக்டீரியாவின் மேற்சுவரை உடைக்கிறது. பசுவின் இரைப்பையிலுள்ள லைசோசைம் கடும் புளிப்பிலும் வேலை செய்யும். அருகிலுள்ள பெப்சினால் எளிதில் அறுபடாது. வியப்பு இனிமேல்தான் வருகிறது. தில்லியில் செம்முகக் குரங்குகளை விரட்டுவதற்கென்றே முன்னாளில் கூட்டிவந்து நிறுத்திய லங்கூர், அதாவது நம் ஊர்க் கருமுக மந்தி, இலையையே பெரிதும் தின்று வாழ்வது. அதன் இரைப்பையிலும் நுண்ணுயிர்த் தொட்டி உண்டு. அதன் லைசோசைமை ஆராய்ந்தவர்கள், பசுவினுடையதில் நேர்ந்த மாற்றங்களுள் சில லங்கூரிலும் தனியாக நேர்ந்திருப்பதை 1987இல் கண்டார்கள். உறவால் தொலைவில் உள்ள இரு விலங்குகள், தொழில் ஒன்றானதால் ஒரே கருவியைத் தனித்தனியே செய்துகொண்டன.

கருவியையே துறந்துவிட்ட உயிர்களும் உள்ளன. கல்கத்தாவில் வாழும் நேயர்கள் நாள்தோறும் சந்தையில் காணும் ரோகு, கட்லா, மிருகால் ஆகிய கெண்டையினத்து மீன்களுக்கு இரைப்பையே கிடையாது. தொண்டையிலுள்ள பற்களால் அரைபட்ட உணவு நேரே குடலுக்குச் செல்கிறது. அவற்றுக்குப் பெப்சினும் இல்லை. இரைப்பை அமிலமும் இல்லை. ஆஸ்திரேலியாவில் வாழும் பிளாட்டிபஸ் முட்டையிட்டுப் பாலூட்டும் விந்தை விலங்கு. அதற்கும் செரிக்கும் இரைப்பை இல்லை. அதன் மரபுப் பொருளை 2008இல் ஆராய்ந்தபோது பெப்சினோஜனுக்கு உரிய மரபுக் குறிப்புகள் தொலைந்தோ சிதைந்தோ போயிருப்பது தெரிந்தது. அமிலச் சுரப்புக்கு உரிய குறிப்பும் உறங்கும் நொதிக்கு உரிய குறிப்பும், இரைப்பையற்ற மீன்கள் பலவற்றில் சேர்ந்தே மறைந்திருப்பதாக 2014இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. பூட்டையும் திறவுகோலையும் பிரித்துவைத்துப் பயனில்லை. ஒன்று போனால் மற்றொன்றும் போகிறது. இவை இன்றியும் அம்மீன்கள் செழிப்பாக வளர்கின்றன. ஏனெனில் புரதத்தை அறுக்கும் வேலையின் பெரும்பகுதி குடலில் நடப்பது. மனிதரிலும் அப்படியே. நோயின் காரணமாக இரைப்பையை அகற்றிவிட்ட ஒருவரும் மருத்துவக் கவனிப்போடு உண்டு வாழ்கிறார்.

குடலில் நடக்கும் வேலைக்குரிய நொதிகளைக் கணையம் அனுப்புகிறது. அவையும் உறங்கும் நிலையிலேயே புறப்படுகின்றன. டிரிப்சினோஜன் என்ற நொதி குடலை அடைந்ததும், குடற்சுவரிலுள்ள வேறொரு நொதி அதன் பூட்டைக் கழற்றுகிறது. விழித்த டிரிப்சின் மற்றவற்றை விழிக்கச் செய்கிறது. ருஷ்ய அறிஞர் பாவ்லவின் ஆய்வுக்கூடத்தில் 1899இல் இது கண்டறியப்பட்டது. பித்தப்பைக் கற்களாலும் மிதமிஞ்சிய குடியாலும் இந்த ஒழுங்கு குலையக்கூடும். அப்போது நொதிகள் குடலுக்குச் செல்லுமுன் கணையத்துக்குள்ளேயே விழித்து, தம்மைப் பெற்ற உறுப்பையே அரிக்கத் தொடங்குகின்றன. மேல்வயிற்றில் தோன்றி முதுகுவரை ஊடுருவும் கடும் வலியும் ஓயாத வாந்தியும் அதன் அடையாளங்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் அறையெடுத்துத் தங்கி, விடுதிச் சாப்பாட்டில் காலம் கழிக்கும் நம் இளைஞர்கள், வயிற்றுவலி என்றால் வாயு என்று கருதி எதையாவது விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்வது வழக்கம். இத்தகைய வலிக்கு அது தகாது. இரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய வலி இது.

இரைப்பையின் காவலும் குலைவதுண்டு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982இல் அமிலத்தின் நடுவிலும் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். கோழைப் படலத்தில் குடியேறும் அக்கிருமியே இரைப்பைப் புண்ணுக்குப் பெரிய காரணம் என்று அவர்கள் கூறியதைப் பலர் நம்பவில்லை. மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து நோயுற்றுக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மற்றொரு பெரிய காரணம், வலிநீக்கி மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் நாள்தோறும் விழுங்குவது. புண் வந்தவரிடம் காரத்தைக் குறை, கவலையைக் குறை என்று மட்டும் சொல்லி அனுப்பும் காலம் போய்விட்டது. கிருமி இருந்தால் மருந்தால் அதை ஒழிக்கலாம். உறங்கும் நொதி சிறிதளவு இரத்தத்திலும் கசிந்திருக்கும். இரைப்பையின் சுவர் தேய்ந்து மெலிந்தால் அந்த அளவும் மாறும். ஆகவே ஜப்பானில் இரத்தத்திலுள்ள பெப்சினோஜனை அளந்து, யாருடைய இரைப்பையை மேலும் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் முறை வழக்கத்தில் உள்ளது.

இனி, கன்றின் இரைப்பைக்கு வருவோம். உறங்கும் நொதியின் கதையில் மனிதரின் அடுப்பங்கரையோடு நெருங்கிய பகுதி இது.

மனிதக் குழந்தைக்கு நோயைத் தடுக்கும் புரதங்களில் ஒரு பகுதி கருவிலிருக்கும்போதே தாயின் இரத்தத்திலிருந்து கிடைத்துவிடுகிறது. கன்றுக்கு அந்த வழி இல்லை. அது சீம்பால் வழியாகவே அவற்றைப் பெற வேண்டும். பிறந்த முதல் ஒரு நாளுக்குள் பெற வேண்டும். அதன்பின் குடல் அவற்றை முழுமையாக உள்ளே விடாது. இப்போது கன்றின் இக்கட்டை எண்ணிப்பாருங்கள். பாலைச் செரிக்க நொதி வேண்டும். அந்த நொதி கடுமையாக இருந்தால் காக்கும் புரதங்களையும் அறுத்துவிடும். இதற்கு விடையாகவே கைமோசின் என்ற நொதி இருக்கிறது. அதுவும் பெப்சினின் உறவே. அதுவும் உறங்கும் நிலையில் சுரந்து அமிலத்தால் விழிப்பதே. ஆனால் அதன் அறுக்கும் திறன் மிகக் குறுகியது. பாற்புரதங்களுள் ஒன்றில் 105ஆம் மணிக்கும் 106ஆம் மணிக்கும் இடையே அறுப்பது அதன் முக்கிய வேலை. அந்த ஒரு வெட்டில் பால் உறைந்து கட்டியாகிறது. வயிற்றில் தங்கி மெல்லச் செரிக்கிறது. காக்கும் புரதங்கள் ஊறின்றிக் குடலுக்குச் செல்கின்றன. கன்று புல் தின்னத் தொடங்கியதும் கைமோசின் குறைந்து பெப்சின் மிகுகிறது.

மனிதருக்குக் கைமோசின் இல்லை. அதற்குரிய மரபுக் குறிப்பு செயலற்றுச் சிதைந்த வடிவில் நம் உடலில் கிடக்கிறது. நம் குழந்தைகளின் வயிற்றில் பால் திரிவது அமிலத்தாலும் பெப்சினாலும். குழந்தை எதுக்களித்த பால் திரிந்திருப்பதைக் கண்டு பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று அஞ்சும் தாய்மார் உண்டு. வயிற்றுக்குள் சென்ற பால் திரிந்தே ஆக வேண்டும். திரிதல் மட்டும் நோயின் அடையாளம் ஆகாது.

கன்றின் இந்த நொதியை மனிதன் வெகுகாலத்துக்கு முன்பே அறிந்துகொண்டான். பால் குடிக்கும் பருவத்தில் கொல்லப்பட்ட கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுத்த சாற்றால் பாலை உறையவைத்துச் சீஸ் என்னும் பாலடைக்கட்டி செய்வது மேல்நாடுகளின் பழைய வழக்கம். அச்சாற்றுக்கு ரென்னெட் என்று பெயர். வடக்கே குடியேறிய நம்மவரில் புலால் மறுத்தவர்கள், பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் சீஸை வாங்கலாமா என்று தயங்குவது இதனால்தான். தயக்கம் நியாயமானது, ஆகவே விவரத்தோடு சொல்கிறேன்.

பனீரும் வங்கத்து ரசகுல்லாவுக்கான சேனாவும் எலுமிச்சைச் சாறு, புளித்த மோர்த்தெளிவு போன்ற புளிப்பால் திரிக்கப்படுபவை. அவற்றுக்கு ரென்னெட் தேவையில்லை. வடமேற்கு இந்தியாவில் ஒரு செடியின் காயைக் கொண்டு பாலை உறையவைக்கும் பழைய முறையும் உண்டு. சீஸுக்கோ நெடுங்காலம் கன்றே கதியாக இருந்தது. சீஸ் உண்பவர் பெருகப் பெருகக் கன்றின் இரைப்பை போதவில்லை. முதலில் ஒருவகைப் பூஞ்சையிலிருந்து இத்தகைய நொதி எடுத்தார்கள். பின்னர், உறங்கும் கைமோசினுக்கு உரிய கன்றின் மரபுக் குறிப்பைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அதைக் கொண்டே அந்நொதியைத் தயாரிக்கக் கற்றார்கள். அமெரிக்க அரசு 1990இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. மரபு மாற்றத்தால் பெற்ற நொதி ஒன்று உணவுக்கு ஏற்கப்பட்டது அதுவே முதல் முறை. அந்தத் தொழிற்சாலையிலும் நொதி உறங்கும் நிலையிலேயே பிறக்கிறது. அமிலம் சேர்த்த பிறகே விழிக்கிறது. கன்றின் வயிற்றில் நடந்த ஒழுங்கு எஃகுக் கலத்தில் அப்படியே நடக்கிறது. இன்று உலகில் செய்யப்படும் சீஸில் பெரும்பகுதிக்குக் கன்று தேவையில்லை. ஆனால் சில பழமையான மேல்நாட்டு வகைகள் இன்னமும் கன்றின் ரென்னெட்டைக் கொண்டே செய்யப்படுகின்றன. ஆகையால் பொட்டலத்தின் முன்பக்கத்துப் படத்தைப் பாராமல், சைவ உணவைக் குறிக்கும் பச்சைக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் அன்போடு கொடுத்ததாயின், உறைவிக்கும் பொருள் எதுவென்று பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

இவ்வளவு கவனம் மேல்நாட்டுச் சீஸில் செலுத்தும் நாம், நம் தொழுவத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். சீம்பால் இனிப்பு நம் எல்லோருக்கும் விருப்பமானது. தில்லியிலும் பம்பாயிலும் பால்காரர் கொண்டுவந்து கொடுத்தால் ஊர் நினைவோடு வாங்கிக் காய்ச்சுகிறோம். அதில் தவறில்லை, கன்று வயிறாரக் குடித்த பின் மீந்ததாயின். கன்றின் வயிற்றில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அறுக்கும் நொதி காத்திருப்பது, அந்த முதல் நாளின் பாலைப் பழுதின்றிக் கன்றிடம் சேர்ப்பதற்காக. அந்தப் பாலே வந்து சேராவிட்டால் அந்நொதி இருந்தும் பயனில்லை. அடுத்த முறை சீம்பால் கொண்டுவரும் பால்காரரிடம், விலையைக் கேட்குமுன் கன்று குடித்ததா என்று கேளுங்கள்.